கோடு போட்டுக் கொடுத்த புத்தகம்

அது பாட்டுக்காரன் எழுதுனதுதான தம்பி? அட்டையில கிதார் இருக்கு, அதான் கேட்டேன். தன் கதையத் தானே எழுதுனதா? நல்லது. படிங்க. நான் தொந்தரவு பண்ணல.

பெரியகுளத்துல ஏறுனப்பவே பாத்துட்டேன். பஸ்ஸு பூராவும் செல்ல நோண்டிக்கிட்டு இருக்கு, ஒருத்தர் மட்டும் புத்தகம் வச்சிருக்காரேன்னு. முன்னாடி சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் இங்க வந்து ஒக்காந்தேன். புத்தகம் படிக்கிறவங்க பக்கத்துல ஒக்காந்தா மனசுக்கு ஒரு இது. இன்னைக்கு எனக்கு அது வேணும்போல இருந்துச்சு.

எதுவரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லா? நானும் திண்டுக்கல்தான். நீங்க அங்கேருந்து மெட்ராஸுக்கு ரயிலா? அப்ப நேரம் இருக்கு.

இந்த மாதிரிப் புத்தகம் நானும் நாலஞ்சு படிச்சிருக்கேன். நம்ப மாட்டீங்க, எனக்குப் பாட்டுன்னா ஒண்ணும் தெரியாது. கோயில் ஸ்பீக்கர்ல எதப் போட்டாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா அந்த ராக் பாட்டுக்காரனுங்க வாழ்க்க வரலாறு இருக்கு பாருங்க, அதெல்லாம் முன்னேற்றப் புத்தகந்தான். குடி, கும்மாளம், மத்தது, அதெல்லாம் வரும். அதத் தாண்டிப் படிக்கணும். தாண்டிட்டா உள்ள இருக்கிறது பூரா உழைப்பு.

ஒருத்தன் இங்கிலாந்துல ரொட்டி கம்பெனியில மாவு பிசையிற மிசின் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான். ஒரு நாள் காலைல ஷிப்டுக்குப் போறதுக்கு ஸ்டாப்புல நிக்கிறான். இந்தப் பக்கம் கம்பெனிக்குப் போற பஸ்ஸு வரல. அந்தப் பக்கம் டவுனுக்குப் போற பஸ்ஸு வந்துடுச்சு. ரோட்டத் தாண்டிப் போயி ஏறிட்டான். அவ்வளவுதான். அப்புறம் பெரிய டிரம்ஸ்காரனா ஆயிட்டான். ‘எதிர்ப் பக்கத்துப் பஸ் வந்தது, ஏறினேன்.’ இந்த ஒரு வரிக்காக அந்தப் புத்தகத்தப் படிக்கலாம். நல்ல புத்தகம். நான் கொறை சொல்ல மாட்டேன்.

பேரா? பேரச் சொல்ல மாட்டேன் தம்பி. பேரச் சொன்னா ஒடனே செல்லுல தட்டி எத்தன ஸ்டாருன்னு பாப்பீங்க. நான் சொல்றது விசயத்த. விசயம் புடிச்சிருந்தா இறங்கும்போது விலாசம் குடுங்க, அனுப்பி வைக்கிறேன். தபால் செலவு என்னுது.

எனக்கு இதான் தம்பி பழக்கம். கருவூலத்துல வேல, கண்காணிப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனேன். எங்க ஏரியா கிளை நூலகத்துல வாசகர் வட்டச் செயலாளர் நான்தான். மாசம் ஒரு ஞாயித்துக்கெழம ‘இந்த மாத நூல்’னு பத்து நிமிசம் பேசுவேன். கதை கெடையாது. நடக்காததப் படிச்சு என்ன ஆகப்போகுது? வாழ்க்கைக்கு ஒதவுற புத்தகம் மட்டுந்தான். கல்யாணங்காச்சின்னாலும் நான் மொய் எழுத மாட்டேன், புத்தகந்தான் குடுப்பேன். எனக்குத் தெரியாம என் வீட்டுக்காரி பாக்கியம் தனியா மொய் எழுதிட்டு வந்துடுவா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குவேன்.

அவளுக்கும் ஒரு புத்தகம் குடுத்தேன். மத்தவங்க கேட்டா முடியாதுன்னு சொல்லப் பழகுறது எப்படின்னு, ஒரு அம்மா எழுதுனது. குடுத்த மறுவாரமே, இனி வாசகர் வட்டத்துக்குப் போண்டா போட்டுத் தர முடியாதுன்னுட்டா. புத்தகத்தோட பலன் அப்பிடி! அப்புறம் எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பிரஷர். அவருக்கு நடக்கிறதப் பத்தி ஒரு டாக்டர் எழுதுன புத்தகம் குடுத்தேன். நடக்கிறாரான்னு தெரியல. ஷோகேஸ்ல முன்னாடி வச்சிருக்காரு. எதிர் வீட்டுப் பொண்ணு பரீச்சையில போயிடுச்சு, ஞாபக சக்திப் புத்தகம் குடுத்தேன், அடுத்த தடவ பாஸ். டியூசனுக்கும் போச்சு, அது வேற.

ஆனா ஒண்ணு. சும்மா வாங்கிக் குடுக்கிறவன் இல்ல நானு. மொதல்ல நான் படிப்பேன். ரெண்டாவது தடவ சிவப்புப் பென்சில எடுத்துக்கிட்டுப் படிப்பேன். எங்கெங்க முக்கியமோ அங்கங்க கோடு போடுவேன். யாருக்குக் குடுக்கப் போறேனோ அவங்களுக்குத் தகுந்த மாதிரி கோடு. இந்தக் காலத்துல யாருக்கு நேரம் இருக்கு, சொல்லுங்க? கோடு போட்ட எடத்த மட்டும் படிச்சாப் போதும், ஒரு மணி நேரத்துல புத்தகம் முடிஞ்சிடும். வாசகர் வட்டத்துல எனக்குப் பேரே ‘சிவப்புப் பென்சில்’தான். கிண்டலாத்தான் சொல்வாங்க. நான் அதப் பாராட்டா எடுத்துக்கிட்டேன்.

எங்கேருந்து வர்றேன்னு நீங்க கேக்கல. கேக்கலேன்னாலும் சொல்லிடறேன், மனசுல வச்சிக்கிட்டு என்ன பண்றது. என் தங்கச்சி வீட்ல கருமாதி. அவ புருசன், எங்க மாப்ள, செத்துப் பதினாறாம் நாளு. தங்கச்சி பேரு தமயந்தி. மாப்ள சௌந்தரபாண்டி. வயசெல்லாம் ஒண்ணும் ஆயிடல.

இல்ல இல்ல, வருத்தப்படாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். அழுகையெல்லாம் வரல. அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல. மத்தியானம் எலை போட்டாங்க, ஒக்காந்து சாப்பிட்டேன். வடை வச்சாங்க. அதுல உப்பு இருந்துச்சான்னு இப்பக் கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒடம்புல ஒரு பக்கத்த யாரோ கழட்டி வச்சிட்ட மாதிரி இருக்கு. இதுக்கும் புத்தகம் இருக்கு. படிச்சிருக்கேன். எந்த அத்தியாயத்துல வருதுன்னுகூடச் சொல்லுவேன்.

மாப்ளையும் கிதார் வாசிப்பான் தம்பி. அதான் ஒங்க அட்டையப் பாத்ததும் வந்து ஒக்காந்துட்டேன் போல.

ஈ.பி.யில வேல அவனுக்கு. லைன் இன்ஸ்பெக்டர். பெர்மனெண்டு. வேல போக, கோயில் கொடை, பொங்கல் திருவிழான்னா ஆர்க்கெஸ்ட்ரால போயி கிதார் வாசிப்பான். மேடையில மூலையில நிப்பான், பாடறவங்களுக்குப் பின்னாடி. எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுல நானே பாத்திருக்கேன். கண்ண மூடிக்கிட்டு நிப்பான். கைய மட்டும் பாத்தா அது வேற ஆளு கை மாதிரி இருக்கும்.

அவன் பொறந்த நாளைக்கு அந்த ரொட்டி கம்பெனிக்காரன் புத்தகத்தக் குடுத்தேன். மாப்ளைக்கு இங்கிலீஷு சுமாருதான். அதனால கோடு போட்டது மட்டும் இல்ல, கோட்டுக்குப் பக்கத்துலயே தமிழ்ல அர்த்தமும் எழுதிக் குடுத்தேன். யாரு செய்வா இந்தக் காலத்துல? படிச்சிட்டு ராத்திரியோட ராத்திரியா போன் பண்ணான். "மச்சான், இப்பிடியெல்லாமா ஒருத்தன் வாழ்ந்திருக்கான்?"ன்னான். குரலே வேற மாதிரி இருந்துச்சு. சரி, ஆளு புடிச்சிக்கிட்டான், சூட்டோட சூடா இன்னொண்ணு குடுப்போம்னு, பிடிச்ச தொழிலுக்கு மாறுறதப் பத்தி ஒரு புத்தகம், அமெரிக்காக்காரன் எழுதுனது, தமிழ்லயே வந்திருக்கு, அதையும் கோடு போட்டுக் குடுத்தேன்.

அதுவும் நல்ல புத்தகந்தான். நான் கொறை சொல்ல மாட்டேன்.

ஆறு மாசங்கழிச்சி ஒரு நாள் ஆபீசுக்கு போன் பண்ணான். "மச்சான், எதிர்ப் பக்கத்துப் பஸ்ஸுல ஏறிட்டேன்"னான். எனக்குப் புரியவே இல்ல. எங்கடா போறன்னு கேட்டேன். "எங்கயும் போகல மச்சான், வேலைய ராஜினாமா பண்ணிட்டேன்"னான்.

ராஜினாமான்னா பென்சன் கெடையாது தம்பி. இன்னும் நாலு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருந்தா விருப்ப ஓய்வுல வந்திருக்கலாம், மாசாமாசம் ஏதோ வந்திருக்கும். எனக்குத் தெரியும். கருவூலத்துல நான் பாத்த வேலையே அதான, பென்சன் பிரிவு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே அவன். கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்.

அந்த அமெரிக்காக்காரன் புத்தகத்துலயும் அது இருக்கு, தெரியுமா? கடைசிக்கு முந்துன அத்தியாயம். வேலைய விடறதுக்கு முன்னாடி என்னென்ன ஏற்பாடு பண்ணிக்கணும், வீட்ல யார்கிட்டல்லாம் கலந்து பேசணும், எந்த நெலமையில இருக்கிறவங்க விடவே கூடாது, எல்லாம் தெளிவா எழுதிருக்கான். மாப்ள அதப் படிக்கல. அவன் படிச்சதெல்லாம் கோடு போட்ட எடந்தான்.

அந்த அத்தியாயத்துல கோடு இல்ல. அது வந்து, அது கொஞ்சம் சவசவன்னு இருக்கும் தம்பி. கணக்கும் வழக்குமா. ஒரு மனுசனுக்கு ஊக்கம் வரட்டும்னு குடுக்கிற புத்தகத்துல அங்க போயி யாரு கோடு போடுவா? முழுசாப் படிக்கிறது படிக்கிறவன் பொறுப்பு. நான் கோடுதான் போட்டேன், மத்த பக்கத்தக் கிழிச்சா போட்டுட்டேன்?

அந்த மாசம் வாசகர் வட்டத்துல அவனையே கூப்பிட்டு மேடையேத்துனேன். ‘ஒரு நூல் ஒருவரை என்ன செய்யும்?’ அதான் தலைப்பு. பொன்னாடை போத்துனோம். கிதார எடுத்து ஒண்ணு வாசிச்சான், நூலகர் அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. நல்ல கூட்டம் அன்னைக்கு. தமயந்தி கடைசி வரிசையில ஒக்காந்திருந்தா. அவ கைதட்டினாளான்னு நான் கவனிக்கல.

அப்புறம் சொந்தமா ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சான். சாரல் மெல்லிசைக் குழுன்னு பேரு. நானே போர்டு எழுத ஆளு பாத்துக் குடுத்தேன். ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் கொரோனா வந்துச்சு, திருவிழாவே இல்லேன்னு ஆயிப்போச்சு. அது முடிஞ்சு எல்லாம் தெறந்தா, ஊரு பூராவும் டி.ஜே. ஒரு பெட்டி, ஒரு பையன், முடிஞ்சுது கதை. டிரம்ஸ்காரர் மில்லு வேலைக்குப் போயிட்டாரு. கீபோர்டுக்காரர் திருப்பூரு போயிட்டாரு. இவன் மட்டும் விடல. கரோக்கின்னு பின்னாடி இசைய மட்டும் ஓட விடுவாங்கல்ல, அத ஓட விட்டு, பாடறதுக்கு ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டு, இவன் கிதாரத் தூக்கிக்கிட்டுக் கல்யாண மண்டபம் மண்டபமாப் போனான்.

அப்பவும் புத்தகம் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தோல்வியிலேருந்து எந்திரிக்கிறது எப்பிடி, வியாபாரத்துல விளம்பரம் பண்றது எப்பிடின்னு. வாங்கி வாங்கி வச்சிக்குவான். "மச்சான், நீங்க குடுத்தா நல்லாத்தான் இருக்கும்"பான். ஒரு நாள்கூட என்னையக் குத்தம் சொன்னதில்ல. ஒரு நாள்கூட இல்ல தம்பி. இத நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் காதுல வாங்கல.

கம்பத்துல ஒரு ரிசப்ஷன். சாயங்காலம். கச்சேரி ஆரம்பிக்கல. மேடையோரமாச் சேர்ல ஒக்காந்து கிதாருக்குச் சுதி சேத்துக்கிட்டே இருந்திருக்கான், அப்பிடியே சாஞ்சிட்டான். தூங்குறாருன்னு நெனச்சி மைக்குக்காரர் வயர அவன் மேல படாமத் தள்ளி இழுத்துக்கிட்டுப் போயிருக்காரு. பொண்ணு மாப்ள மேடைக்கு வந்து, பாட்டு எங்கப்பான்னு கேட்டப்பத்தான் போயி எழுப்பியிருக்காங்க.

தம்பி, தூக்கம் வரலேன்னா ஒரு புத்தகம் இருக்கு. ஒரு டாக்டரு எழுதுனது, தூக்கத்தப் பத்தியே முன்னூறு பக்கத்துக்கு மேல. அதப் படிச்சாலே தூக்கம் வந்துடும்னு கூட்டத்துல நான் தமாசு பண்ணுவேன், எல்லாரும் சிரிப்பாங்க. இந்தப் பதினஞ்சு நாளா அதத்தான் எடுத்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கண்ணு வரி மேல போகுது. போயிக்கிட்டே இருக்கு. ஒண்ணும் ஏறல.

எழவு விழுந்த அன்னைக்கே பேச ஆரம்பிச்சிட்டாங்க. எங்க சொந்தத்துல ஒரு பெரிசு, நான் மாலையோட உள்ள நொழையிறேன், என் காதுல விழறமாதிரி சொல்றாரு. "ஈ.பி.யில இருந்தே செத்திருந்தா மகனுக்கு வாரிசு வேலையாச்சும் கெடச்சிருக்கும். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாங்க."ன்னு. பண்ணிட்டாங்கன்னா? யாரு பண்ணிட்டாங்க? நான் வேலைய விடச் சொன்னேனா? புத்தகந்தான குடுத்தேன். அருவா குடுத்தேனா, விசத்தக் குடுத்தேனா? இதுதான் தம்பி எனக்கு ஆறமாட்டேங்குது. மாப்ள போனதுகூட, அது விதி. புத்தகத்தக் குத்தம் சொல்றாங்க பாருங்க, அது தப்பு.

வாரிசு வேலை விசயம் உண்மைதான். மகன் தினகர் டிப்ளமா முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான். அப்பன் சர்வீஸ்ல இருந்து செத்திருந்தா அவனுக்குக் கெடச்சிருக்கும். விதிகள் எனக்குத் தெரியும்.

ஊரு பேசட்டும். எனக்குக் கவல அது இல்ல. தங்கச்சி பேசல. அன்னைக்குப் பொணத்துப் பக்கத்துல போயி ஒக்காந்தேன், எந்திரிச்சு உள்ள போயிட்டா. மறுநாள் போன் பண்ணேன், தினகர் எடுத்தான். "அம்மா குளிக்கிறாங்க மாமா"ன்னான். அடுத்த நாளும் குளிக்கிறாங்கன்னான். எங்களுக்கு அப்பா அம்மா இல்ல. அவ ஒருத்திதான், நான் ஒருத்தந்தான். அவ எனக்கு இல்லேன்னா கூடப் பொறந்ததுன்னு எனக்கு யாரு இருக்கா? இத வெளியில சொன்னதில்ல, ஒங்ககிட்டத்தான் சொல்றேன்.

அதான் கருமாதிக்குப் பயந்துக்கிட்டுப் போனேன். எங்கள்ல ஒரு முறை உண்டு. புருசன் செத்துட்டா, பொறந்த வீட்லேருந்து கோடிச் சேலை போகணும். புதுச் சேலை. அண்ணன்காரன் தட்டுல வச்சு எல்லாருக்கும் முன்னாடி கொண்டு போயி நிக்கணும். அத அவ வாங்கிக்கணும். வாங்கிக்கிட்டா பொறந்த வீடு இன்னும் இருக்குன்னு அர்த்தம். கைய நீட்டலேன்னா, எனக்கு அண்ணன் இல்லேன்னு ஊருக்கு முன்னால சொன்ன மாதிரி. பேசாதவ வாங்குவாளா? இந்தப் பதினஞ்சு நாளும் எனக்கு அது ஒண்ணுதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

சேலை பாக்கியம்தான் எடுத்தா. கனகாம்பரக் கலரு. இப்பல்லாம் வெள்ளை எடுக்கிறதில்ல. நான் என்ன பண்ணேன்னா, ஒரு புத்தகமும் சேத்து வச்சேன்.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? பாக்கியமும் இப்பிடித்தான் பாத்தா. "ஏங்க, கோடித் தட்டுல இது தேவையா?"ன்னா. ஏன் தேவையில்ல? துணையப் பறிகொடுத்த ஒரு அம்மா, கனடாக்காரி, அதுக்கப்புறம் எப்பிடி எந்திரிச்சேன்னு எழுதுன புத்தகம். சேலை ரெண்டு வருசத்துல நைஞ்சிடும். புத்தகம் அப்பிடியா? இந்தப் பதினஞ்சு நாள்ல ஒக்காந்து கோடு போட்டேன். ரொம்பப் பாத்துப் பாத்துப் போட்டேன், அவளுக்குன்னு. அந்த நேரத்துல மட்டுந்தான் தம்பி எனக்குக் கொஞ்சம் நல்லாருந்துச்சு.

பாக்கியம் முடியாதுன்னுட்டா. சரின்னு அவளுக்குத் தெரியாம, சேலைக்கு அடியில வச்சிட்டேன். மேல வெத்தல பாக்கு, பூ, மஞ்சள். தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னேன். தமயந்தி பலகையில ஒக்காந்திருக்கா. சுத்தி சொந்தபந்தம் பூரா நிக்குது. அந்தப் பெரிசுதான் தட்ட எட்டிப் பாத்தாரு. "என்னப்பா இது, சேலை மேடா நிக்குது? அடியில என்னத்த முட்டுக் குடுத்திருக்க?"ன்னாரு. ஒண்ணு ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. கருமாதி வீட்ல சிரிப்பு வரக்கூடாதுன்னு இல்ல, வரும்.

தமயந்தி கைய நீட்டினா. எனக்கு உசிரு வந்துச்சு. சேலையத்தான் எடுக்கப்போறான்னு பாத்தா, சேலையத் தூக்கி, அடியில இருந்த புத்தகத்த உருவி எடுத்தா. தெறந்தா. ஒரு பக்கம் பாத்தா, இன்னொரு பக்கம் பாத்தா. சிவப்புக் கோடு.

"இதுலயும் கோடு போட்டுட்டியா அண்ணே?"ன்னா.

பதினாறு நாளைக்கப்புறம் பேசறா தம்பி. எனக்குச் சந்தோசந்தான் வந்துச்சு, உள்ளதச் சொல்றேன். "ஆமாம்மா, முக்கியமான எடத்துல மட்டும். அத மட்டும் படிச்சாப் போதும்"னேன்.

"அவருக்குக் குடுத்தியே, வேலை மாறுற புத்தகம். அதையும் நீ படிச்சதான?"

"படிக்காமக் குடுப்பனா?"

"முழுசா?"

"ரெண்டு தடவம்மா."

"அப்ப நீ ஏண்ணே வேலைய விடல?"

கோவமாக் கேக்கல தம்பி. அதுதான். சத்தம் போட்டுக் கேட்டிருந்தா நானும் சத்தமாப் பதில் சொல்லிருப்பேன். கடையில போயி, இதுல வேற கலர் இல்லியான்னு கேப்போமே, அப்பிடிக் கேட்டா. கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. பந்திக்கு எலை போடறவங்ககூட நின்னுட்டாங்க.

எனக்குப் பதில் இருக்கு. இல்லாம இல்ல. எனக்கு ரிட்டையர்மெண்டுக்குக் கொஞ்ச வருசந்தான் இருந்துச்சு. மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருந்தோம். கவர்மெண்ட் வேலையில இருக்கிற அப்பான்னா அது ஒரு மரியாதை. அப்புறம், எனக்கு என்ன கிதாரா வாசிக்கத் தெரியும்? நான் விட்டுட்டு எங்க போறது? எந்தப் புத்தகமா இருந்தாலும் எல்லாருக்கும் பொருந்தாது தம்பி. ஆளப் பாத்துத்தான் படிக்கணும். அந்த அத்தியாயத்துலயே எழுதிருக்கான், எந்த நெலமையில இருக்கிறவங்க விடவே கூடாதுன்னு. மொத வரியே, குடும்பம் உள்ளவங்கன்னுதான் இருக்கும். நான் குடும்பஸ்தன். எப்பிடி விட முடியும்?

இதையெல்லாம் அங்க சொல்ல முடியுமா? தட்ட வச்சிக்கிட்டு நிக்கிறேன். கை வலிக்குது.

அப்புறம் அவளே புத்தகத்தப் பாக்கியம் கையில குடுத்துட்டு, சேலைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா. பாக்கியம்தான் போத்திவிடணும், முறை அதான். அவ காத்துக்கிட்டு இருக்கல, தானே எடுத்துப் போட்டுக்கிட்டா. ஆனா வாங்கிட்டா தம்பி. எல்லாரும் பாத்தாங்க. வாங்கிட்டா.

அதனால எனக்கு ஒண்ணும் கவல இல்ல. பாக்கியம் ரெண்டு நாள் தங்கச்சிக்குத் துணையா இருந்துட்டு வர்றேன்னுட்டா. நான் மட்டும் கெளம்பினேன். கருமாதி வீட்ல சொல்லிக்கிட்டு வரக்கூடாது, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். போயிட்டு வர்றேன்னு வாயத் தெறந்து சொல்லக் கூடாது. சொன்னா, மறுபடி அந்த வீட்டுக்கு இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வரவேண்டியிருக்கும்னு சொல்வாங்க. சத்தமில்லாம எந்திரிச்சு வந்துடணும். நானும் வாசல்ல வந்து செருப்ப மாட்டிக்கிட்டேன். மாட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். சும்மாதான் நின்னேன். உள்ள அவ யார்கிட்டயோ காப்பி டம்ளரு எண்ணி வைக்கச் சொல்லிக்கிட்டு இருந்தா. குரல் கேட்டுச்சு. அப்புறம் வந்துட்டேன். முறை தப்பல நானு.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுக்காரிதான்.

சொல்லு பாக்கியம். ம். ஏறிட்டேன். சீட்டுக் கெடச்சிருச்சு. தேவதானப்பட்டி தாண்டியாச்சு. ம். சாப்பிட்டேன்ல அங்கயே. என்னது? இல்ல. சொல்லல. இல்ல பாக்கியம், யார்கிட்டயும் சொல்லல, செருப்ப மாட்டுனேன், வந்துட்டேன். ஏன் கேக்குற? யாரு, அவளா? அவளே கேட்டாளா? சரி. சொல்லலேன்னு சொல்லிடு. பக்கத்துலதான் இருக்காளா? சொல்லிடு அப்ப. ம், இருக்கேன். ம். என்ன சொன்னா? சரி. சரி, வச்சிடு.

ஒண்ணும் இல்ல தம்பி. தமயந்திதான் கேக்கச் சொன்னாளாம். "அண்ணன் போயிட்டு வர்றேன்னு ஏதாச்சும் சொல்லிட்டுப் போச்சா?"ன்னு கேட்டாளாம். சொல்லலேன்னு பாக்கியம் சொன்னதும், "அப்பச் சரி"ன்னுட்டு உள்ள போயிட்டாளாம்.

அவ்வளவு துக்கத்துலயும் முறைய விடல பாருங்க. எங்க அம்மா வளப்பு அப்பிடி. முறைக்காகக் கேட்டிருப்பா. வேற என்ன இருக்கப்போகுது?

நீங்க புத்தகத்த மூடி வச்சிட்டீங்களே. படிங்க, படிங்க, நான் பேசல.

தம்பி, முறைக்குத்தான கேட்டிருப்பா? நீங்க சொல்லுங்க.